ஆழ்மனத்தில் கிடந்த கதிரைகள்

திருகோணமலையில் உள்துறைமுகக் கரையோடு கடற்றொழிலாளர் சங்கத்து மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, என் இடுப்பில் இருக்கிறது. காலையில் கதவைத் திறப்பது, ஆட்கள் இருக்கக் கதிரை அடுக்குவது, தேநீர் போடுவது, கூட்டம் முடிந்ததும் கூட்டித் துடைத்துப் பூட்டுவது, இவ்வளவும் என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நான் கேட்டிருக்கிற வகுப்புகளை இந்த மாவட்டத்தில் எந்தப் பட்டதாரியும் கேட்டிருக்க மாட்டார். ஆடு வளர்ப்பது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி, தலைவராவது எப்படி, கடல் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது. எல்லாவற்றையும் கதவோரத்தில் தேநீர்த் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் ஆடு இல்லை. கோபமும் இல்லை. கடல் வந்தபோது நாங்கள் ஓடிய பக்கம் பிழையான பக்கம் என்பது மட்டும் அந்த வகுப்பில்தான் தெரிந்தது.

கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம் சாம்பல்தீவில் இருந்த எங்கள் வீடு போய்விட்டது. என் மனைவியின் தமையன், அதாவது என் மச்சான், அப்போதும் சங்கத் தலைவர், இப்போதும் சங்கத் தலைவர். தன் வளவில் ஒரு பக்கத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்து, மண்டபத்துத் திறப்பையும் கையில் தந்தார். அன்றிலிருந்து அவர் எது கேட்டாலும் என் பதில் ஓம், சரி என்பதுதான். அதற்கு முன்பும் நான் யாருக்கும் ஏலாது, முடியாது என்று சொன்னதாக நினைவில்லை. பிறவிக் கூச்சம். ஆனால் அதற்குப் பிறகு கூச்சத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் கிடைத்துவிட்டது.

எங்கள் ஊரில் ஓம் என்பது ஒரு மரியாதை. "கூட்டத்துக்கு வாறீங்களோ?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். வரமாட்டார்கள். வராதவரைப் பிறகு சந்தையில் கண்டால் யாரும் கோபிப்பதும் இல்லை. முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்வதுதான் குற்றம். ஆகவே ஊர் முழுவதும் ஓம் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கும். என்னுடைய குறை, நான் ஓம் சொல்லிவிட்டுப் போயும் விடுவேன்.

இந்தக் குறையால் என் மகளுக்கு ஒரு கண்டம் வந்தது.

மகள் மருத்துவமாதுப் பயிற்சியில் இருந்தாள். படித்து முடிக்க இன்னும் கொஞ்சக் காலம் கிடந்தது. அந்த நேரத்தில் மச்சான் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு நகரத்தில் இரும்புச் சாமான் கடை, கடைக்கு மேலேயே வீடு. தாய்க்கு ஒரே ஒரு நிபந்தனை. கலியாணத்தோடு பெண் படிப்பை நிற்பாட்ட வேண்டும். "ஊர்ப் பிள்ளையளையெல்லாம் பெறுவிக்கப் போறவள் வீட்டில எப்ப நிப்பாள்?" என்று கேட்டாராம். மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது நல்ல பகிடியாகவும் நல்ல நியாயமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

"மாமா, எனக்கு இப்ப வேண்டாம்," என்றாள் மகள்.

"பிள்ளை, இது நீ கதைக்கிற கதை இல்லை. உன்ர கொப்பர் ஏலாது எண்டு சொல்லட்டும். நான் அந்த இடத்திலேயே விடுறன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முற்றத்து முருங்கையைப் பார்த்தேன். அதில் ஒரு காய் முற்றிப் போய்த் தொங்கியது.

"என்ன மச்சான்?"

"ஓம்," என்றேன்.

எதற்கு ஓம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் எழும்பிப் போய்விட்டார். மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு. அதையும் நான் சொன்னா ஒருத்தரும் கணக்கெடுக்கினம் இல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர்கள் பெண் பார்க்க வருவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று ஏற்பாடானது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணைப் பிடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவார்கள். பெண்ணின் தகப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வாங்கியதைப் பிறகு திருப்பினால் அந்தக் குடும்பத்தோடு செத்தவீட்டுக்கும் போக்குவரத்து இராது. சிறுபிள்ளைகள் கலியாண விளையாட்டு விளையாடும்போதுகூட, பூவரசம் இலையை வைத்து விளையாடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உண்மையான வெற்றிலையை எடுத்தால் அடி விழும்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து நாடகம் பழக்குகிற தம்பி ஒருவர் வந்தார்.

நாடகம் என்றால் வசனம் பாடமாக்கும் நாடகம் அல்ல. எழுதாத நாடகம். மேடையில் ஏறியபிறகு என்ன வருகிறதோ அதுதான் வசனம். அதைப் பழகினால் ஆழ்மனம் திறக்கும், கற்பனை ஊறும், துயரம் வெளியே போகும் என்று அவரை அனுப்பிய தொண்டு நிறுவனத்தார் ஒட்டியிருந்த பெரிய பதாகையில் எழுதியிருந்தது. ஒரு கிழமைப் பயிற்சி. கடைசி நாள் சனிக்கிழமை, மக்கள் முன்னால் அரங்கேற்றம். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் உண்டு.

பயிற்சிக்கு வருவதாக ஊரில் ஓம் சொன்னவர்கள் மண்டபம் கொள்ளாது. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ரீச்சர். எங்கே வகுப்பு நடந்தாலும் முதல் வரிசையில் இருந்து, வகுப்பு எடுப்பவரைத் திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. மற்றவர் கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் இறங்குதுறையில் மீன் வாங்கி விற்கும் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. அவர் வந்தது வேறு விஷயம். வீட்டில் மனுசியோடு ஏதோ வாய்த்தர்க்கமாம். பகலில் இருக்க ஒரு நிழல் வேண்டியிருந்தது.

தம்பி வெறும் மண்டபத்தைப் பார்த்தார். பிறகு கதவோரத்தில் தேநீர்த் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்களும் வாங்களேன்."

"ஓம்," என்றேன். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வட்டத்தில் போய் நின்றேன்.

"முதல்ல ஒரு விஷயம். என்னை சேர்னு கூப்பிட வேணாம். இங்க யாரும் பெரியவங்க இல்ல, சின்னவங்க இல்ல."

"ஓம் சேர்," என்றோம் மூன்று பேரும்.

முதல் பயிற்சி கண்ணை மூடுவது. மூடிக்கொண்டு, மனதில் முதலில் தோன்றுவதை யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உங்க எல்லாருக்குள்ளயும் ஒரு கடல் இருக்கு," என்றார் தம்பி. எங்களுக்குக் கடல் பின்கதவுக்கு வெளியே இருந்தது. மாரியில் அலை வந்து படியையும் நனைக்கும். உள்ளேயும் ஒன்று இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

ரீச்சரின் ஆழ்மனத்திலிருந்து வந்தது, "கையைக் கட்டு. வாயைப் பொத்து." நானாவின் ஆழ்மனத்திலிருந்து பாரை, சூரை, அறுக்குளா என்று ஒவ்வொன்றாக அன்றைய விலையோடு வந்தன. என் முறை வந்தது. நானும் உள்ளே போய்த் தேடினேன். கடல் ஒன்றும் இல்லை. இருட்டாக, பெரிய களஞ்சிய அறை மாதிரி இருந்தது.

"கதிரை," என்றேன்.

"இன்னும் ஆழமா போங்க அண்ணா."

போனேன். "கால் உடைஞ்ச கதிரை."

தம்பி கண்ணைத் திறந்துவிட்டார். "அதிகாரம்!" என்றார். "உடைந்த அதிகாரம்! பாருங்க, எவ்வளவு பெரிய படிமம் இது!" உடனே வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார். சனிக்கிழமை அரங்கேற்றத்துக்கு எந்தக் கதிரையைப் பின்வரிசையில் போட்டால் யாரும் விழமாட்டார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், திருத்த மனம் வரவில்லை.

பிறகு இல்லாத பந்தை ஆளுக்காள் எறிந்து பிடிக்கும் பயிற்சி. ரீச்சர் எறிந்தார். நானா இரண்டு கையாலும் ஏந்தி, தூக்கிப் பாரம் பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது ஐஸில கிடந்த சாமான் ரீச்சர். எனக்கு வேணாம்."

"நானா, அது பந்து!"

"பந்தெண்டாலும் நேத்தைய பந்து."

அடுத்ததுதான் முக்கியமான பாடம். எழுதாத நாடகத்தில் ஒரே ஒரு சட்டம்தானாம். கூட நடிப்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக்கூடாது. "ஓம்" என்று ஏற்றுக்கொண்டு, "அதோட" என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். மறுத்தால் நாடகம் செத்துப்போகும். உலகம் முழுவதும் இதைப் பழக ஆட்கள் வருஷக்கணக்காகக் கஷ்டப்படுகிறார்களாம். ஏனென்றால் மனிதனுக்குள்ளே இல்லை என்ற சொல் ஊறிப்போய் இருக்கிறதாம்.

என்னையும் ரீச்சரையும் நடுவில் விட்டார்.

"நீர் ஒரு கள்ளன்," என்றார் ரீச்சர்.

"ஓம்," என்றேன்.

"என்ர வளவில தேங்காய் களவெடுத்தனீர்."

"ஓம். அதோட... அதோட மாங்காயும்."

"என்ர மூக்குக்கண்ணாடியையும் நீர்தான் எடுத்தனீர்!"

"ஓம். அதோட அதைப் போட்டுக்கொண்டுதான் மாங்காய் பிடுங்கினனான்."

நானா சிரித்து இருமத் தொடங்கினார். தம்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தான் பல நாடுகளில் பயிற்சி எடுத்திருந்தாலும் மறுப்பே இல்லாத ஒரு மனிதரை முதன்முதலாக இங்கேதான் பார்ப்பதாகச் சொன்னார்.

"தம்பி, அது பயத்தில வாற ஓம்," என்று ரீச்சர் திருத்தினார். தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஓம் சொல்லுறதுக்கு உங்களைப் பாராட்டினவையோ?" என்றாள். "இஞ்சேருங்கோ, ஏலாது எண்டு சொல்லப் பழக்கிற வகுப்பு ஒண்டும் வராதோ? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வந்தா நல்லம்." அவளும் தன் தமையனுக்கு நேரே நின்று கதைக்க முடியாதவள்தான். ஆனால் அவள் என்மேல் கோபப்படலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

நடுவில் ஒரு நாள் தம்பி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வட்டத்துக்குள் வைத்தார். "அண்ணா, இன்னைக்கு நீங்க மனுஷன் இல்ல. இந்தக் கதிரை. கதிரை கதைச்சா என்ன சொல்லும்? யோசிக்காதீங்க."

நான் கண்ணை மூடினேன். யோசிக்கவில்லை. உண்மையாகவே யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"என்னில ஆர் இருக்கவேணும் எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

இறங்குதுறைப் பக்கம் ஒரு வள்ளத்து எஞ்சின் நின்ற சத்தம் கேட்டது. குரல் என்னுடையதுதான், ஆனால் அதை நான் அனுப்பவில்லை. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். தம்பி பலகைக்கு ஓடவில்லை, ஒன்றும் எழுதவில்லை.

"உது ஆற்றை கதை?" என்றார் ரீச்சர் மெதுவாக.

"கதிரையின்ர கதை ரீச்சர்."

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எங்கட வீட்டுக் கதிரையும் இதைத்தான் சொல்லும்," என்றார். அன்று பின்னேரம் அவர் மனுசிக்கு நல்ல கணவாயாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார்.

நான் வழியெல்லாம் அந்த வசனத்தைக் காவிக்கொண்டு போனேன். வீட்டில் மகள் கதிரையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடினாள். ஏதாவது சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். நான், "வடிவா வெளிச்சத்தில இருந்து படி," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

சனிக்கிழமை வந்தது. காலையிலேயே மச்சான் வேட்டி சால்வையோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

"மச்சான், மாப்பிள்ளையின்ர தாயையும் வரச்சொல்லியிருக்கிறன். நாளைக்குப் பொம்பிளை பாக்க வரமுன்னம் எங்கட குடும்பத்தின்ர மதிப்பு அவவுக்குத் தெரியவேணும். தகப்பன் ஒரு கலைஞன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். வெக்கப்படாமல் நில்லும், என்ன?"

"ஓம்."

வாசலில் மேசை போட்டு நிறைகுடம் வைத்தேன். வாழையிலையில் நெல், அதன்மேல் குடம், மாவிலை, தேங்காய். பக்கத்தில் வந்தவர்களுக்குக் கொடுக்க வெற்றிலைத் தட்டம், சந்தனம், குங்குமம். ஆழ்மனத்தைத் திறப்பது என்றாலும் முதலில் விளக்கேற்றித்தான் திறக்க வேண்டும். அதற்குப் பிறகு உரைகள். சங்கத் தலைவர் உரை, அதாவது மச்சான். வாழ்த்துரை, அதுவும் மச்சான், வேறொரு சங்கத்தின் தலைவர் என்ற முறையில். சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று கேள்விப்பட்டு இந்த முறை ஓம் சொன்னவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் முன்வரிசையில், கைக்குட்டையைக் கதிரையில் விரித்து அதன்மேல் இருந்தார். மனைவியும் மகளும் பின்வரிசையில் இருந்தார்கள். கால் உடைந்த கதிரைகளுக்குக் கொஞ்சம் முன்னால்.

தம்பி மேடைக்கு வந்து, இங்கே எழுதிய வசனம் கிடையாது, சபையில் இருப்பவர்களே ஒரு சந்தர்ப்பம் தர வேண்டும் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்படியான நேரத்தில் வாய் திறப்பது தலைவர் வேலை. மச்சான் எழும்பினார். ஒருமுறை மாப்பிள்ளையின் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கலியாணப் பேச்சு," என்றார்.

தம்பி கை தட்டினார். ரீச்சர் பெண்ணின் தாய். நானா மாப்பிள்ளையின் தாய். நான் பெண்ணின் தகப்பன்.

நானா சால்வையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு தாடியைத் தடவியபடி வந்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. வெறும் கை இரண்டையும் நீட்டினார்.

"இந்தாங்க சம்பந்தி, வெத்தில. புதுசா பறிச்சது. ஐஸில வைக்கல்ல."

நான் சொல்ல வேண்டிய ஓம் வாய்வரை வந்துவிட்டது. இல்லாத தட்டம்தானே, வாங்கினால் என்ன? கையை உயர்த்தினேன். அப்போது முன்வரிசையில் மச்சான் எழும்பினார்.

"நிப்பாட்டுங்கோ! உதென்ன வெறுங்கையோட ஒரு நல்ல காரியம்? பாக்கிற ஆக்கள் எங்களுக்கு முறை தெரியாது எண்டு நினைக்க மாட்டினமோ?"

மச்சான் எதையும் பொறுப்பார், முறை பிழைத்தால் பொறுக்க மாட்டார். ஊரில் யாருடைய கலியாணத்திலும் ஐயருக்குப் பக்கத்தில் நின்று ஐயரைத் திருத்துபவர் அவர். விறுவிறென்று வாசலுக்குப் போனார். நிறைகுடத்தை இலையோடு தூக்குவித்து மேடை நடுவில் வைப்பித்தார். உண்மையான வெற்றிலைத் தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார்.

"நானா, குறை நினைக்காதேங்கோ. எங்கட முறை உங்களுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் விலகுங்கோ, நான் காட்டுறன்."

"சந்தோசம் தலைவர். எனக்கும் முக்காடு வேர்க்குது," என்று நானா ஒதுங்கிக்கொண்டார்.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபையே மேடைக்கு வருகிறதாம். அதுதான் இந்தக் கலையின் உச்சமாம்.

மச்சான் என் முன்னால் வந்து நின்று, சரியான முறைப்படி, சரியான உயரத்தில் தட்டத்தை நீட்டினார். "எங்கட பொடியனுக்கு உங்கட பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறம்," என்றார் கணீரென்று. முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் நிமிர்ந்து இருந்தார்.

சிறுபிள்ளைகளுக்கு எதற்கு அடி விழும் என்று ஊருக்கே படிப்பித்த மனிதர் அவர். முறையைச் சரியாகச் செய்கிற அவசரத்தில், எதைச் செய்கிறோம் என்பதை மறந்துவிட்டார். தட்டத்தில் இருந்த வெற்றிலை உண்மையான வெற்றிலை. குடம் உண்மையான குடம். கேட்பவர் உண்மையாகவே கேட்கிறவர். என் மகளும் உண்மையாகவே பின்வரிசையில் எழும்பி நின்றுகொண்டிருந்தாள்.

நான் கையைப் பார்த்தேன். அது முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. நான் அனுப்பவில்லை.

"ஏலாது," என்றேன்.

சபை சிரித்தது. மச்சானும் சிரித்தார்.

"என்ன மச்சான், வடிவா யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தால் ஓம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே யோசிக்கவில்லை. "ஏலாது."

மேடைப் பக்கத்திலிருந்து தம்பி பதைபதைத்தார். "அண்ணா! மறுக்கக்கூடாது! ஓம், அதோட..."

"ஓம்," என்றேன். "அதோட, ஏலாது."

சபையில் கைதட்டலும் விசிலும் எழும்பின. சங்கத் தலைவரை மேடையில் வைத்து இப்படி ஒரு பகிடி பண்ணலாம் என்று அவர்கள் அதுவரை கனவிலும் நினைத்ததில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று மச்சானுக்குத் தெரியவில்லை. சிரிக்காவிட்டால் அது நாடகம் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே சிரித்துக்கொண்டே நின்றார், பாவம்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பினார். கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"நிறைகுடத்துக்கு முன்னால திரும்பின வெத்திலை திரும்பினதுதான்," என்றார். "சகுனம் சரியில்லை." சீலையைச் சரிசெய்துகொண்டு நடுவழியால் நடந்து வெளியே போனார். மச்சான் தட்டத்தோடே பின்னால் ஓடினார்.

தம்பி என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகம் வாடியிருந்தது. "ஒரு கிழமையா நீங்கதான் அண்ணா என் சிறந்த மாணவர். கடைசியில நீங்களே தடுத்துட்டீங்களே." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மண்டபம் நிறைந்த கைதட்டலைவிட அவருடைய சட்டம் உடைந்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த விஷயத்தில் அவரும் மச்சானும் ஒரு சாதி. பிறகு எல்லாரும் நின்று படம் எடுத்தோம். அதில் நான் ஒரு கதிரைக்குப் பின்னால் நிற்கிறேன்.

பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் மச்சான் வீட்டுக்கு வந்தார். நான் எழும்பிக் கதிரையை அவருக்குத் தள்ளிவிட்டேன். இங்கே மேடையும் இல்லை, சபையும் இல்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார். "நாளைக்குக் காலமை அவவின்ர வீட்டை போவம். நீரும் வாரும். அது சும்மா நாடகம், தம்பி சொல்லித்தந்த வசனம் எண்டு ஒரு வார்த்தை சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

எனக்குத் தேவையாக இருந்தது ஒரு ஓம்தான். அதைச் சொல்லிவிட்டு ஊர் வழக்கப்படி போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். ஓம் சொன்னால் நான் போய்விடுவேன்.

"வசனம் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை மச்சான்," என்றேன். "நாடகம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். முருங்கையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

"கடல் வந்த வருஷம்..." என்று தொடங்கினார்.

"அண்ணை," என்று மனைவி இடையில் வந்தாள். தமையனுக்கு நேரே வந்து நின்றாள். "அதுக்குத்தானே இவ்வளவு காலமும் ஓம் சொன்னவர். அது போதும்."

மச்சான் தேநீரைக் குடிக்காமல் போனார். குசினிக்குள்ளிருந்து மகள் வரவில்லை. துருவுகிற சத்தம் மட்டும் திரும்பத் தொடங்கியது, முந்தியதைவிட வேகமாக. அன்று எங்கள் வீட்டுப் புட்டில் தேங்காய்ப்பூ அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

திறப்பைத் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சில நாள் என்னோடு கதைக்காமல் இருந்தார். பிறகு ஊரில் ஆட்கள் அவருடைய நடிப்பைப் புகழத் தொடங்கினார்கள். தட்டம் பிடித்த விதமும், மறுத்தபோது திகைத்துப் போய் நின்ற முகமும் அசல் மாதிரியே இருந்ததாம். இறங்குதுறையில் நானா அதை ஒவ்வொரு நாளும் யாருக்காவது நடித்துக் காட்டுவார். மச்சானுக்கு அது பிடித்துவிட்டது. இப்போது எந்தக் கூட்டத்திலும் தான் ஒருகாலத்தில் மேடையேறியவர் என்று சொல்லிக்கொள்கிறார். சகுனம் பிழைத்த கதையை மாப்பிள்ளையின் தாய் நகரமெல்லாம் சொல்லிவிட்டதால் அந்தச் சம்பந்தத்தைத் திரும்பப் பேச யாருக்கும் வழி இருக்கவில்லை.

மகள் படித்து முடித்துவிட்டாள். இப்போது ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறாள். வீட்டில் நிற்பதில்லைதான். அந்த அம்மா சொன்னது ஒன்று மட்டும் சரி.

போன மாதம் நாடகத் தம்பி தொலைபேசி எடுத்தார். மட்டக்களப்பில் பயிற்சி ஒன்று வைக்கிறாராம். மறுப்பே இல்லாத என்னைப் போன்ற ஒருவர் வந்து நின்றால் அங்குள்ளவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்குமாம். கடைசி நாளில் நடந்ததை அவர் பெரிய மனதோடு மறந்துவிட்டார் போல.

"வருவீங்களா அண்ணா?"

"ஓம்," என்றேன்.

போகவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் ஆடு வளர்ப்பு வகுப்பு. கதிரை அடுக்க வேண்டியிருந்தது.